சுங்கை சிப்புட்டிலிருந்து பல்கலைக்கழகம் போகிறவர்களுக்கு: முதலாண்டு இயற்பியலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எஸ்டிபிஎம் (மலேசியாவின் ஆறாம் படிவத் தேர்வு) அல்லது மெட்ரிகுலேஷன் முடித்து, பயன்பாட்டு இயற்பியலோ பொறியியலோ படிக்கக் கிளம்பும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். முதல் பருவத்தில் பலர் சறுக்குவது கணக்கு வராததால் அல்ல. கேள்வியைப் படித்தவுடன் சூத்திரத்தைத் தேடுவதால்தான். எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) வரை அது கைகொடுத்திருக்கும். பல்கலைக்கழகத்தில், அந்தச் சூத்திரம் இந்த இடத்தில் செல்லுமா என்பதையே சோதிப்பார்கள்.

உராய்வைப் பாருங்கள். தோட்டத்து மேட்டுச் சாலையில், 10 டிகிரி சரிவில், செம்பனைக் குலை ஏற்றிய 10 டன் லாரி எல்லாச் சக்கரத்திலும் பிரேக் பிடித்து நிற்கிறது. உராய்வுக் கெழு 0.6. உராய்வு விசை எவ்வளவு? கெழுவை, சாலைப் பரப்புக்குச் செங்குத்தாக இருக்கும் விசையால் பெருக்கி, ஏறக்குறைய 58,000 நியூட்டன் என்று பலர் எழுதிவிடுவார்கள். ஆனால் எடை லாரியைச் சரிவில் கீழே இழுப்பதோ சுமார் 17,000 நியூட்டன்தான். 58,000 சரி என்றால், நிற்கிற லாரி தானாகவே மேட்டில் ஏற வேண்டும். பெருக்கி வந்தது நிலை உராய்வின் உச்ச வரம்பு மட்டுமே. வழுக்காமல் நிற்கும் வரை, தேவையான 17,000 அளவுக்குத்தான் உராய்வு இருக்கும். விசைப்படம் வரைந்தவர் இதைத் தவறவிடமாட்டார். அதனால் படம் வரையாமல் பேனாவைச் சமன்பாட்டுப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

அடுத்தது அழுத்தம். செம்பனை ஆலையில் குலைகளை நீராவியில் அவிக்கும் கலனின் மானி 3 பார் காட்டுகிறது என்று வையுங்கள். அந்த மானி வெளிக்காற்றில் பூஜ்யம் காட்டும். அதாவது, காற்றழுத்தத்துக்கு மேல் எவ்வளவு என்பதைத்தான் சொல்கிறது. உண்மையான அழுத்தம் ஏறக்குறைய 4 பார். ஒவ்வோர் அழுத்தத்துக்கும் நீராவியின் வெப்பநிலையைத் தரும் நீராவி அட்டவணையில், 4 பாருக்கு நேராகச் சுமார் 143 டிகிரி செல்சியஸ் இருக்கும். 3 பார் என்று பார்த்தால் 133 கிடைக்கும். அந்த 10 டிகிரி பிழை அடுத்த எல்லா வரியிலும் தொடரும்.

வாயு விதியில் கெல்வின் கட்டாயம். 27 டிகிரியிலிருந்து 54 ஆனால் வெப்பநிலை இரட்டிப்பாகவில்லை; 300 கெல்வின் 327 ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். அப்புறம் கால்குலேட்டர் ரேடியனில் இருக்கிறதா, டிகிரியில் இருக்கிறதா என்று தேர்வு தொடங்கும்போதே பார்த்துவிடுங்கள்.

பழைய தேர்வுத்தாள்களை விடையோடு வாசிப்பதைப் படிப்பு என்று நினைக்காதீர்கள். வாசிக்கும்போது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும். விடையை மூடிவைத்து, ஒரே கேள்வியோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டுங்கள்.

ஆய்வுக்கூடத்தில், 25 சென்டிமீட்டர் ஊசல் ஒருமுறை ஆடி முடிக்க 1 வினாடி எடுக்கும். உங்கள் விரல் 0.2 வினாடி தாமதித்தால் 20 விழுக்காடு பிழை. 20 அலைவுகளைச் சேர்த்து அளந்தால் அதே தாமதம் 1 விழுக்காடுதான். அதிலிருந்து ஈர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட்டால், சூத்திரத்தில் அலைவு நேரம் வர்க்கமாக வருவதால் பிழை 2 விழுக்காடாகும். ஆகவே கால்குலேட்டர் காட்டும் எல்லா இலக்கத்தையும் அறிக்கையில் கொட்டாமல், 9.8 ± 0.2 என்று எழுதுங்கள்.