எலிக்கு ஒரு பொறி, பாத்ரூமுக்கு ஒரு ட்ராப்

வண்ணாரப்பேட்டை, காசிமேடு பக்கம் ஒட்டி ஒட்டி கட்டின வீட்ல பொறி வச்சு ஒரு எலிய புடிச்சா அடுத்த வாரமே இன்னொண்ணு வந்து நிக்கும். ஏன்னா எல்லாரும் எலிப்பொறிய மட்டும் தான் பாக்கறாங்க, பாத்ரூம்ல தண்ணி போற ஓட்டைக்கு கீழ இருக்கற, பிளம்பர் சொல்ற ட்ராப்ப எவனும் குனிஞ்சு பாக்கறதில்ல.

மொதல்ல பொறி. கூண்டுப்பொறியே போதும்பா, ஆனா நட்ட நடு கிச்சன்ல வச்சா ஒண்ணும் மாட்டாது, எலி செவுத்த மீசையால தடவிக்கினே ஓடும், அதனால செவுத்தோரமா கருப்பா எண்ணெய்ப்பிசுக்கு மாதிரி தடம் தெரியும் பாருங்க, அங்க வைங்க. புது சாமான் எதப் பாத்தாலும் அது சந்தேகப்படும், சோ ரெண்டு மூணு நாள் கதவு மூடாத மாதிரி கட்டிட்டு சும்மா தீனி மட்டும் போடுங்க, துன்னு பழகட்டும், அப்பால கொக்கிய மாட்டுங்க. மசால்வடை தான் வழக்கம், ஆனா கருவாட்ட அடிச்சிக்க ஆளில்ல, லேசா வாட்டி நூல் போட்டு கொக்கில கட்டிடுங்க, இல்லனா உருவிக்கினு போயிடும். (தெரு பூனையும் வந்து உக்காந்துக்கும், அது உங்க பாடு.)

மாட்டினப்புறம் வெறுங்கையால கூண்ட தொடாதீங்க, எலி மூத்திரத்துல எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், கிளவுஸ் போட்டு ப்ளீச்சிங் பவுடர் தண்ணில கழுவுங்க. கம் அட்டை எனக்கு ஆகாது, எலி உயிரோட மணிக்கணக்கா கத்தும், பல்லியும் ஒட்டிக்கும். மஞ்சள் பாஸ்பரஸ் பேஸ்ட்னு ஒரு எலி விஷம், அது பக்கமே போகாதீங்க, அதுக்கு மாத்து மருந்தே கெடையாது.

இப்ப பாத்ரூம். தண்ணி போற ஓட்டைக்கு கீழ கிண்ணம் மாதிரி நானி ட்ராப் இருக்கும், அதுல எப்பவும் தண்ணி நிக்கணும், 50 மி.மீ. ஆழத்துக்கு நின்னா தான் சாக்கடை நாத்தம் மேல வராது. டார்ச் அடிங்க, தண்ணி மின்னுனா சரி. யூஸ் பண்ணாத பாத்ரூம்னா காஞ்சிடும், வாரத்துக்கு ஒரு தபா ஒரு மக்கு ஊத்துங்க.

ஆனா எலிக்கு இந்த தண்ணிலாம் ஒரு மேட்டரே இல்ல, நல்லா நீந்தும், சாக்கடைலேந்து ஓட்டை வழியா மேல வந்துடும். அதனால மேல ஸ்டீல் ஜாலி, அதான் ஓட்டைய மூடற சல்லடை மூடி, ஸ்க்ரூ போட்டு டைட் பண்ணணும், பாதி வீட்ல ஒடஞ்ச பிளாஸ்டிக் ஜாலி மேல ஒரு செங்கல் குந்திக்கினு கீது, குளிக்கறப்ப நகர்த்துவாங்க, அப்பால மறந்துடுவாங்க. பைப் செவுத்துக்குள்ள போற எடத்தையும் பாருங்க, அரை இன்ச் சந்து இருந்தாலே குட்டி எலி நுழைஞ்சிடும், துணி அடைச்சா கடிச்சு துப்பிடும், ஸ்டீல் ஸ்க்ரப்பர நல்லா திணிச்சு மேல சிமெண்ட் பூசிடுங்க.