படகுத்துறையில் காட்டுவதற்கு முன்னால் பேட்டன்ட் போடுங்கள்

கயிற்றில் வளர்ந்த கடல்பாசியை உருவ ஒரு கைக்கருவி, நண்டு வலையைச் சிக்கெடுக்க ஒரு சட்டகம், கயிறு சுற்றி இழுக்கும் வின்ச்சில் ஒரு சின்ன மாற்றம் என்று நம் ராமநாதபுரம் கடற்கரையில் மண்டபம் ஊரிலிருந்து தொண்டி வரைக்கும் யாராவது எதையாவது புதிதாகச் செய்துகொண்டேதான் இருக்கிறார்கள். செய்தவருக்குக் கிடைப்பது பாராட்டு, அடுத்த சீசனில் காசு பார்ப்பது வேறு பட்டறை. வயிறு எரிகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் வேலை, வெளியே காட்டாமல் இருப்பது. பேட்டன்டுக்கு, அதாவது கண்டுபிடித்தவருக்கான தனி உரிமைக்கு, விண்ணப்பம் போடும் முன்பே படகுத்துறையில் நாலு பேர் பார்க்க ஓட்டிக் காட்டினாலோ, யூடியூப்பில் வீடியோ போட்டாலோ, இரண்டு பீஸ் விற்றாலோ, அது புதுசு இல்லை என்று தள்ளிவிட முடியும், காட்டியது நீங்களே என்றாலும் சரி. லேத்காரரிடம் கொடுத்துத்தான் ஆகவேண்டுமா? யாரிடமும் சொல்லமாட்டேன் என்று தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், அண்ணன் தம்பியாகப் பழகுகிறவராக இருந்தாலும்.

அப்புறம் பேட்டன்ட் அலுவலகத்தின் இன்பாஸ் தளத்தில், இதே மாதிரி ஏற்கெனவே யாராவது போட்டிருக்கிறார்களா என்று இலவசமாகத் தேடிப் பாருங்கள். பரம்பரையாக ஊருக்கே தெரிந்த முறைக்குப் பேட்டன்ட் கிடையாது. நம் முண்டு மிளகாய்க்கு 2023இல் கிடைத்தது புவிசார் குறியீடு, அது வேறு.

கருவி இன்னும் முழுசாக முடியவில்லை என்றால் தற்காலிக விண்ணப்பம் போதும். படிவம் 1, படிவம் 2, கிண்டியில் இருக்கும் சென்னை அலுவலகம். தனிநபருக்கு ஆன்லைனில் 1,600 ரூபாய், தாளில் கொடுத்தால் 1,750. அன்றைய தேதி உங்களுடையது, அதற்குப் பிறகு அதையே போடுகிறவர் உங்களுக்குப் பின்னால்தான், ஆனால் 12 மாதத்துக்குள் முழு விவரம் கொடுக்காவிட்டால் விண்ணப்பமே போய்விடும்.

எழுதுவதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். "பாசி உருவும் கருவி" என்று மட்டும் எழுதினால் ஒன்றுக்கும் உதவாது. ரப்பர் உருளை இரண்டுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் முதல் எத்தனை வரை இடைவெளி, கயிறு முடிச்சு வரும்போது ஸ்பிரிங் எப்படி விலகிக் கொடுக்கிறது, அதனால் பாசி நசுங்காமலும் கயிறு அறுபடாமலும் எப்படி வருகிறது, ரப்பருக்குப் பதில் வேறு எதை வைத்தாலும் வேலை செய்யும், இவ்வளவும் படத்தோடு வேண்டும். எதெல்லாம் உங்களுடையது என்று உரிமை கோரும் வரிகளை மட்டுமாவது பதிவுபெற்ற பேட்டன்ட் ஏஜென்டிடம் காட்டுங்கள், அந்தச் செலவு வீண் இல்லை. படிப்போ நிறுவனமோ பின்னால் இல்லாதவர்கள் காந்திநகரில் உள்ள நேஷனல் இன்னோவேஷன் ஃபவுண்டேஷனுக்கு எழுதிப் பார்க்கலாம், இப்படிப்பட்டவர்களுக்குக் கைகொடுக்க என்றே இருக்கிற அமைப்பு அது.

விண்ணப்பத்தைப் பரிசோதிக்கச் சொல்லி நீங்கள் கேட்காமல் பேட்டன்ட் அலுவலகத்தில் எடுத்துப் பார்க்கமாட்டார்கள். படிவம் 18, தனிநபருக்கு ஆன்லைனில் 4,000 ரூபாய், முதலில் விண்ணப்பம் போட்ட தேதியிலிருந்து 31 மாதத்துக்குள். ஆட்சேபக் கடிதம் வந்தால் பயந்து விட்டுவிடாதீர்கள், பதில் சொல்ல ஆறு மாதம் இருக்கிறது.

கிடைத்த பேட்டன்ட் விண்ணப்பத் தேதியிலிருந்து 20 வருடம் நிற்கும், மூன்றாம் வருடத்திலிருந்து புதுப்பிப்புக் கட்டணம் கட்டிக்கொண்டே வந்தால். சரி, பணம்? தாளைச் சட்டம் போட்டு மாட்டினால் வராது. செய்து விற்கப் பட்டறை இல்லாதவர், செய்து விற்க இன்னொருவருக்கு லைசென்ஸ் கொடுக்கலாம், ஆனால் எழுத்தில் இல்லாத உரிமை மாற்றம் செல்லாது. மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்துவிடாதீர்கள் என்பேன். பீஸுக்கு இவ்வளவு, விற்காவிட்டாலும் வருடத்துக்குக் குறைந்தது இவ்வளவு, கணக்குப் புத்தகத்தைப் பார்க்க உரிமை, எத்தனை வருடம், எந்தெந்த ஊர், எல்லாவற்றையும் எழுதுங்கள். இந்தியப் பேட்டன்ட் இந்தியாவுக்குள் மட்டும்தான், யாழ்ப்பாணத்தில் செய்து அங்கேயே விற்பதை அதை வைத்துத் தடுக்க முடியாது. அங்கேயும் உரிமை வேண்டுமென்றால் அந்த முதல் 12 மாதத்துக்குள்ளேயே முடிவெடுங்கள்.