ஒரே பாட்டு, மூன்று குரல்: கவர் வெர்ஷன்களைக் கேட்டுப் பழகுவது எப்படி?

ஒருவர் பாடிய பாட்டை இன்னொருவர் தன் பாணியில் மறுபடி பாடுவதுதான் கவர் வெர்ஷன். இப்படி ஒரு பாட்டைப் பலர் பாடியிருந்தால், யார் பாடியது நன்றாக இருக்கிறது என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். அதை ஓரமாக வைத்துவிட்டு, யார் எதை மாற்றினார்கள் என்று கேளுங்கள். பழகுவதற்கு 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' என்ற ஆங்கிலப் பாட்டை எடுத்துக்கொள்வோம். ஹெட்போனும் ஒரு நோட்டும் போதும்.

படி 1: மூலப் பாட்டு. அமெரிக்கப் பாடகி டாலி பார்ட்டன், 1974. தன்னை டிவியில் பிரபலமாக்கிய போர்ட்டர் வேகனரை விட்டுத் தனியாகப் போக முடிவெடுத்த சமயத்தில் எழுதிய பாட்டு. பலரும் இதைக் காதல் பாட்டு என்றே நினைக்கிறார்கள். உண்மையில் தொழிலில் கூட இருந்தவரிடம் விடைபெறும் பாட்டு. மூன்று நிமிடம்கூட வராது. மூன்றாவது சரணத்தில் காதைக் கூர்மையாக்குங்கள். அதை டாலி பாடுவதில்லை, பேசுகிறார். 'நீ நல்லா இருக்கணும்' என்று வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிச் சொல்வது போல இருக்கும். நோட்டில் 'சரணம் 3: பேச்சு' என்று குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: லிண்டா ரான்ஸ்டட், 1975. அந்தச் சரணமே இதில் இல்லை. அது இல்லாமல் பாட்டு எங்கே போய் நிற்கிறது என்று மட்டும் கவனியுங்கள்.

படி 3: விட்னி ஹூஸ்டன், 1992. முதல் முக்கால் நிமிடம் வாத்தியமே கிடையாது, வெறும் குரல். அவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கும். டாலி பேசிய மூன்றாவது சரணத்தை இவர் பாடுகிறார். அது முடிந்ததும் எல்லாம் சட்டென்று நின்றுவிடும். ஒரே ஒரு டிரம் அடி. அப்புறம் பாட்டு முழுதாக ஒரு சுரம் மேலே ஏறி வெடிக்கும். இந்த இடத்தை நான்கைந்து தடவை ஓட்டிக் கேளுங்கள். அமெரிக்காவில் 14 வாரம் முதலிடத்தில் இருந்த பதிவு இது.

நடுவில், வராமலே போன ஒரு வெர்ஷனும் உண்டு. எல்விஸ் பிரெஸ்லி பாட விரும்பினார். ஆனால் பாட்டின் பதிப்புரிமையில் பாதியை அவருடைய மேனேஜர் கேட்டதால் டாலி மறுத்துவிட்டார். அந்த உறுதிக்காகவே டாலியை எனக்கு இன்னும் பிடிக்கும்.

படி 4: விட்னி முடிந்த கையோடு 1974 பதிவுக்குத் திரும்பி, அந்தப் பேச்சுச் சரணத்தை மட்டும் போடுங்கள். முதல் தடவை சாதாரணமாகத் தெரிந்த அந்தக் குரல் இப்போது எப்படிக் கேட்கிறது என்று நோட்டில் எழுதுங்கள்.