கோடைத் திருவிழாவுக்கு யுகாதா வாங்கப் போகிறீர்களா?

ஜூலை, ஆகஸ்டில் ஜப்பானில் இருக்கிறீர்கள், உள்ளூர்த் திருவிழாவுக்கோ வாணவேடிக்கைக்கோ போகிறீர்கள் என்றால் பட்டுக் கிமோனோ வேண்டாம். அந்தப் புழுக்கத்துக்கு ஏற்றது மெல்லிய கோடைக் கிமோனோவான யுகாதாதான். கியோத்தோவின் கியோன் திருவிழாவில் ஜூலை 14 முதல் 16 வரை மாலை நேரத்தில் தெருவெங்கும் அதைப் பார்க்கலாம்.

முதலில் துணியைத் தொட்டுப் பாருங்கள். மலிவான செட்டுகள் பெரும்பாலும் பாலியஸ்டர். வேர்வையை உறிஞ்சாது, கூட்டத்தில் நிற்கவே முடியாது. கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பருத்தியே எடுங்கள். பெண்களுக்கான யுகாதா கிட்டத்தட்ட உங்கள் உயரமே இருக்க வேண்டும். மிச்ச நீளத்தை இடுப்பில் மடித்துக் கட்டுவார்கள். ஆண்களுக்கு அந்த மடிப்பு கிடையாது, கணுக்கால் வரை வந்தால் சரி. பழைய துணிக் கடைகளில் அழகான நீலச் சாயத் துணிகள் சல்லிசாகக் கிடைக்கும். ஆனால் வாங்குமுன் கையை நீட்டிப் பாருங்கள், பழைய அளவுகளில் கைப்பகுதி பெரும்பாலும் குட்டையாக இருக்கும்.

இடுப்பில் கட்டும் ஒபி பட்டையை முடிச்சுப் போடத் தெரியாதா? முடிச்சு தயாராகவே வரும் ஒபி வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், இதை மறக்கவே கூடாது: உடுத்தும்போது உங்கள் இடப்பக்கத் துணிதான் மேலே வர வேண்டும். வலப்பக்கம் மேலே வந்தால் அது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை.

மரச் செருப்பான கெதா புதிதென்றால், அதன் வாரைக் கையால் இழுத்துத் தளர்த்தி, முந்தின நாளே கொஞ்சம் நடந்து பழகுங்கள். இல்லாவிட்டால் விரலிடுக்கில் தோல் உரிந்துவிடும்.