வீட்டு ஒலியமைப்பில் ஓயாத ரீங்காரத்தை நிறுத்திய விதம்

தொலைக்காட்சி, ஏவி ரிசீவர் (ஒலி, ஒளி சிக்னல்களைப் பெற்றுப் பிரித்தனுப்பும் கருவி), பவர் ஆம்ப்ளிஃபயர் (ஸ்பீக்கர்களை இயக்கும் அளவுக்கு சிக்னலைப் பெருக்கும் கருவி), சப்வூஃபர் (தாழ்ந்த ஒலிகளுக்கான ஸ்பீக்கர்) ஆகியவற்றை இணைத்து முடித்தபோது, எதுவும் ஒலிக்காத வேளையிலும் ஸ்பீக்கர்களில் தாழ்ந்த ரீங்காரம் கேட்டது. ரிசீவரில் ஒலியளவைக் குறைத்தும் அது மாறாததால், இரைச்சல் வால்யூம் கட்டுப்பாட்டுக்குப் பின்னரே நுழைகிறது என்று கணித்து, கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். தொலைக்காட்சியின் ஆன்டெனா கேபிளை எடுத்ததும் அமைதியானது.

அந்தக் கேபிளின் உள்ளே கம்பியைச் சுற்றியிருக்கும் உலோக உறை வீட்டுக்கு வெளியே ஓரிடத்திலும், ஆம்ப்ளிஃபயர் சுவர் பிளக்கிலும் எர்த் பெற்றிருந்ததால், இரண்டுக்கும் இடையே சிக்னல் கேபிள்களின் உறை வழியாக ஒரு மூடிய சுற்று உருவாகி, மின்வழங்கலின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணும் அதன் மடங்குகளும் ஒலியில் கலந்தன. ஆன்டெனா கேபிளில், உறை வழியான மின்தொடர்பைத் துண்டித்து சிக்னலை மட்டும் கடத்தும் ஓர் ஐசோலேட்டரைப் பொருத்தியதும் ரீங்காரம் முற்றிலும் மறைந்தது. இதற்காக பிளக்கின் எர்த் பின்னை நீக்கும்படி சிலர் சொல்வதுண்டு. கருவிக்குள் மின்கசிவு ஏற்பட்டால் அதன் உலோக உடலே உயிரைப் பறிக்கக்கூடும் என்பதால், அதை எக்காரணத்தாலும் செய்யக் கூடாது.

கருவிகள் அனைத்துக்கும் ஒரே மின்சுற்றிலிருந்து, அதன் தாங்குதிறனைக் கணக்கிட்டு, மின்சாரம் கொடுத்தேன். பவர் ஆம்ப்ளிஃபயரைக் கடைசியாக இயக்கி முதலில் அணைப்பதால், ஸ்பீக்கர்களைத் தாக்கிய 'டப்' என்ற அதிர்வும் நின்றுவிட்டது.