இணைய ஆடையகத்துக்கு மொத்தச் சரக்கு எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடைக்கு வந்து ஆடை வாங்குபவர் துணியைத் தடவிப் பார்ப்பார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், போட்டும் பார்ப்பார். இணையத்தில் வாங்குபவருக்குக் கிடைப்பதோ சில படங்களும் நான்கு வரி விவரமும்தான். ஆகவே, வாடிக்கையாளர் கடையில் தானே செய்துகொள்ளும் சோதனைகளையெல்லாம் இணைய ஆடையகம் நடத்துபவர் கொள்முதலின்போதே அவருக்காகச் செய்து முடித்திருக்க வேண்டும். தமக்குப் பிடித்தவற்றைக் குறைந்த விலையில் நிறைய அள்ளிக்கொள்வதுதான் மொத்தக் கொள்முதல் என்று எண்ணும்போது இந்த வேலை விடுபட்டுப் போகிறது; புதியவர்களின் நட்டங்களில் பெரும்பகுதி அங்கிருந்தே தொடங்குகிறது.

முதல் ஆர்டரிலேயே கடை நிறைந்து தெரிய வேண்டும் என்ற ஆசை இயல்பானதுதான். ஆனால் ஒரு டிசைன் 3 நிறங்களிலும் 4 சைஸ்களிலும் வருமானால் அது ஒரு சரக்கு அன்று, 12 சரக்கு. 20 டிசைன்கள் எடுத்தால் 240 ஆகிவிடும். கையிலுள்ள பணத்துக்கு 300 உருப்படிகள்தான் வாங்க முடியும் என்றால், ஒவ்வொன்றிலும் ஒன்றுக்குச் சற்று மேலேதான் இருப்பு நிற்கும். நன்றாக ஓடும் டிசைனில் எம், எல் சைஸ்கள் உடனே தீர்ந்துவிட, விளம்பரத்துக்குச் செலவழித்து வரவழைத்த வாடிக்கையாளர் ‘ஸ்டாக் இல்லை’ என்ற வரியைப் பார்த்துத் திரும்பிவிடுவார். அதே 300 உருப்படிகளை 5 டிசைன்களில், தலா 2 நிறங்களில், 4 சைஸ்களில் வாங்கினால் ஒவ்வொன்றிலும் ஏழெட்டு இருக்கும். எது ஓடுகிறது, எது ஓடவில்லை என்பதும் அப்போதுதான் தெளிவாகத் தெரியும்.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு, செட்டாகக் கட்டி வரும் சரக்கைக் கணக்குப் பார்க்காமல் எடுப்பது. எல்லா சைஸிலும் ஒவ்வொன்று வீதம் நான்கு உருப்படி கொண்ட செட், உருப்படி 100 என்ற விலையில் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கில் மூன்றுதான் விற்று, ஓரத்து சைஸ் ஒன்று தேங்கிவிடும் என்றால், விற்ற மூன்றின் உண்மையான அடக்க விலை தலா 133 ஆகிறது. வேண்டிய சைஸை மட்டும் பிரித்துத் தரும் வியாபாரி 115 கேட்டால், காதுக்கு அதிகமாகத் தோன்றும் அந்த விலையே மலிவு. நடு சைஸ்களில் இரண்டிரண்டு வரும்படி 1:2:2:1 என்று செட் கட்டித் தருவார்களா என்றும் கேட்டுப் பார்க்கலாம்.

சாம்பிள் வாங்காமல் படத்தை மட்டும் நம்பி ஆர்டர் போடுவது தவறு என்பது பலருக்கும் தெரியும். சாம்பிளை வாங்கி, அழகாக இருக்கிறது என்று அலமாரியில் மாட்டிவைப்பதும் அதே அளவு தவறு என்பதுதான் தெரிவதில்லை. சாம்பிள் துவைப்பதற்கும் வெட்டுவதற்கும் உரியது. அதன் மேல் 25 செ.மீ. நீளத்துக்கு, நெடுக்கில் ஒன்றும் குறுக்கில் ஒன்றுமாகக் கோடுகள் போட்டு, வாடிக்கையாளர் வீட்டில் துவைப்பது போலவே துவைத்து, முழுதாக உலர்ந்தபின் அளக்க வேண்டும். 24 செ.மீ. இருந்தால் சுருக்கம் 4 சதவீதம். 70 செ.மீ. நீளமுள்ள மேற்சட்டை 5 சதவீதம் சுருங்கினால் 3.5 செ.மீ. குறைந்துவிடும், போட்டவர் அதை உடனே உணர்வார். பருத்திப் பின்னலாடைகளிலும் ரேயானிலும் இந்தச் சோதனையைத் தள்ளிப்போடவே கூடாது.

துவைத்த சாம்பிளிலிருந்து 10 செ.மீ.க்கு 10 செ.மீ. துண்டு ஒன்றை வெட்டி நிறுத்தால், கிராமில் வரும் எடையை நூறால் பெருக்கக் கிடைப்பது ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை. 1.8 கிராம் என்றால் 180. சுருங்கிய துணி சற்றுக் கூடுதலாகக் காட்டும் என்பதால், துவைக்காத இரண்டாவது சாம்பிள் இருந்தால் வியாபாரி சொன்ன எண்ணோடு ஒப்பிட அதுவே சரி. ஈரமான வெள்ளைத் துணியால் அடர்நிறப் பகுதியைப் பத்து முறை அழுத்தித் தேய்த்தால் சாயம் ஒட்டுகிறதா என்பது தெரிந்துவிடும். ஐஎஸ்ஓ 105-எக்ஸ்12 என்ற தரமுறை இதையே கருவி கொண்டு செய்து 1 முதல் 5 வரை மதிப்பிடுகிறது. 5 என்றால் சாயம் ஒட்டவே இல்லை என்று பொருள். ‘சுத்தமான காட்டன்’ என்ற சொல்லில் ஐயம் இருந்தால், உள்தையல் ஓரத்துத் துணியிலிருந்து (தையல் நூலை அல்ல) ஓர் இழையை உருவி, கவனமாக எரித்துப் பார்க்கலாம்: பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக உறையும். பல நாடுகளில் இழை விவரம் லேபிளில் சரியாக இருப்பது சட்டக் கட்டாயம் என்பதால், வியாபாரியின் வாய்ச்சொல்லை அப்படியே தளத்தில் ஏற்றுவது விற்பவரின் தலையில்தான் விடியும்.

சாம்பிளும் பின்னால் வரும் மொத்தச் சரக்கும் ஒன்றாகவே இருக்கும் என்று நம்பிவிடுவதும் கூடாது. ஒப்புக்கொண்ட சாம்பிளில் இரு தரப்பும் கையெழுத்திட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொண்டால் பிறகு பேச்சுக்கு இடமில்லை. வேறு வேறு தொட்டியில் சாயம் ஏற்றிய துணிகளில் நிறம் சற்று மாறும். மேலும் கீழும் இணைந்து வரும் ஆடைகளில் இரண்டும் ஒரே லாட்டிலிருந்து, அதாவது ஒரே தொட்டியில் ஒன்றாகச் சாயம் ஏற்றிய துணியிலிருந்து, வருமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

சைஸ் விஷயத்தில் லேபிளில் இருக்கும் எழுத்துக்குப் பெரிய மதிப்பு கிடையாது. ஒரு வியாபாரியின் எம் இன்னொருவரின் எல் ஆக இருக்கும். அதைவிடக் குழப்பமானது அவர்கள் தரும் அளவுப் பட்டியல்: அதில் மார்பு 104 செ.மீ. என்று இருந்தால், அது உடலின் அளவா, தைத்த ஆடையின் அளவா? தளர்வுக்காக ஆடை உடலைவிடப் பல சென்டிமீட்டர் பெரிதாக இருக்கும் என்பதால், ஆடை அளவை உடல் அளவாக எண்ணி 104 செ.மீ. மார்புள்ளவர் அதை வாங்கினால் இறுகிப் பிடிக்கும், திரும்பியும் வரும். ஒவ்வொரு டிசைனையும் மேசையில் விரித்துத் தாமே அளந்து, எது எந்த அளவு என்று குறிப்பிட்டுப் பட்டியல் போடுவதைவிட ரிட்டர்னைக் குறைக்கும் வேலை வேறு இருப்பதாகத் தோன்றவில்லை.

விலைக் கணக்கில், 100க்கு வாங்கி 200க்கு விற்றால் பாதி லாபம் என்று மனம் நின்றுவிடுகிறது. சரக்கு வந்த கூலி, வரி, பேக்கிங், பணப் பரிமாற்றக் கட்டணம், விளம்பரம் ஆகியவை அந்த 100க்கு மேல் ஏறும் செலவுகள். பிறகு 30 சதவீதத் தள்ளுபடி அறிவித்தால் விற்பனை விலை 140 ஆகிறது. மிஞ்சும் 40க்குள் மேற்சொன்ன செலவுகள் எல்லாம் அடங்க வேண்டும். ஒரு ரிட்டர்ன் வந்தால் போகவர இரண்டு கூரியர் செலவும் அதிலேயே விழும். தள்ளுபடி விலையிலும் கையைக் கடிக்காத டிசைன்களை மட்டும் எடுப்பதே தொடக்கத்தில் பாதுகாப்பு.

நேரில் பார்த்திராத வியாபாரிக்கு முழுப் பணத்தையும் முன்கூட்டியே அனுப்புவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒரு பகுதியை அட்வான்ஸாகத் தந்து, மீதியைச் சரக்கைச் சோதித்தபின் தருவது வழக்கத்தில் உள்ள முறைதான். கவனிக்கப்படாமல் போவது புகார் செய்வதற்கான கெடு. சரக்கு வந்து இத்தனை நாளுக்குள் சொன்னால்தான் மாற்றித் தருவோம் என்பது பெரும்பாலும் பில்லின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும். மூட்டையைப் பிரிக்காமல் வைத்திருந்தால் அந்த உரிமை போய்விடும். வந்த அன்றே வீடியோ எடுத்தபடி பிரித்து, எண்ணி, தையல், ஜிப், கறை ஆகியவற்றை ஒவ்வோர் உருப்படியிலும் பார்த்துவிட வேண்டும்.

வியாபாரி தரும் படங்களையே பயன்படுத்தினால் அதே படம் இன்னும் பல தளங்களில் இருக்கும், போட்டி விலையில் மட்டுமே நடக்கும். பிரபல நிறுவனச் சின்னமோ கார்ட்டூன் உருவமோ அச்சிட்ட ஆடைகள் உரிமம் இல்லாமல் மலிவாகக் கிடைத்தால், எடுக்காமல் இருப்பதே நல்லது.

கடைசியாக, மறு ஆர்டர். ஒரு டிசைன் சூடு பிடித்தபின் ‘இதே துணி இன்னும் இருக்கிறதா’ என்று கேட்பவருக்கு, முடிந்துவிட்டது என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. எத்தனை நாள் வரை அதே துணியில் தர முடியும், குறைந்தபட்சம் எத்தனை உருப்படி எடுக்க வேண்டும், அனுப்ப எத்தனை நாளாகும் என்ற மூன்றையும் முதல் பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டு, பதிலை ஆர்டர் தாளிலேயே எழுதி வாங்கிவிட வேண்டும். அனுப்புவதற்கு 20 நாள் ஆகும் என்றால், அந்த 20 நாளில் விற்கக்கூடிய அளவுக்கு இருப்பு இறங்கும்போதே அடுத்த ஆர்டர் போயிருக்க வேண்டும்.