இருவாழ்வி என்ற பேரில் ஏமாறாதீர்கள்

முதலை எந்த வகுப்பு என்று கேட்டால், அம்பாசமுத்திரத்தில் என்னிடம் டியூஷன் வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் யோசிக்காமல் “இருவாழ்வி சார்” என்பார்கள். ஆமைக்கும் அதே பதில்தான். தண்ணியிலும் கிடக்கு, கரையிலும் கிடக்கு, பிறகென்ன என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்குப்படி குளத்தில் ஊறும் எருமையும் இருவாழ்விதான்!

பார்க்க வேண்டியது தோலையும் முட்டையையும். முதலையும் ஆமையும் கரையேறித்தான் ஓடுள்ள முட்டையிடும். குஞ்சுக்குப் பிறந்ததிலிருந்தே நுரையீரல்தான். செதில் போர்த்த உடம்பு வேறு. அவை ஊர்வன. தவளைதான் இருவாழ்வி. அதன் முட்டைக்கு ஓடு கிடையாது. ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி வழவழவென்று இருக்கும், வெயில் பட்டால் காய்ந்துவிடும். பொரிந்து வரும் தலைப்பிரட்டை மீனைப் போலச் செவுளால் மூச்சு விடும்.

இதைச் சொன்னதும் பிள்ளைகள் அடுத்த தவறுக்குத் தாவுவார்கள்: எல்லாத் தவளைக்கும் குளம் வேண்டும், தலைப்பிரட்டைப் பருவம் வேண்டும் என்று. நம் களக்காடு முண்டந்துறை மலைக்காட்டில் வெண்புள்ளிப் புதர்த் தவளை என்று ஒன்று இருக்கிறது. 1876-ல் விவரிக்கப்பட்டு, பிறகு நூறாண்டுக்கு மேல் யார் கண்ணிலும் படாமல், அழிந்தே போயிற்று என்று நினைத்திருந்தபோது 2011-ல் மறுபடி தென்பட்டது. ஓடைப் பக்கம் வளரும் மூங்கிலின் கணுவிடையில் உள்ள சிறு பிளவு வழியே உடம்பை நெளித்து உள்ளே போய், அங்கேதான் முட்டை. ஆண் காவல் இருக்கும். முட்டையிலிருந்து நேராகக் குட்டித் தவளையே வெளிவரும். நீந்தும் பருவமே கிடையாது.

மலையோரத் தோட்டங்களில் ஈர மண்ணைக் கொத்தும்போது பெரிய மண்புழு மாதிரி, காலில்லாமல், உடம்பெல்லாம் வளையம் வளையமாக ஒன்று வரும். பாம்புக்குட்டி என்று மண்வெட்டியால் இரண்டாக்கிவிடுவார்கள். அது சிசிலியன். தவளைக்குப் பங்காளி; மனுஷனை ஒன்றும் செய்யாது. குனிந்து பார்த்தால் வாயும் பல்லும் தெரியும். மண்புழுவுக்கு ஏது பல்? செதில் மினுங்கும் அரணையைச் சாலமாண்டர் என்ற வாலுள்ள இருவாழ்வி என்பவர்களும் உண்டு. இந்தியாவில் சாலமாண்டர் இமயமலை, வடகிழக்கு மலைகள் பக்கம் மட்டுமே, அரணை ஊர்வன.

இனி வீட்டுக்குள் நடப்பது. போன ஐப்பசியில் எங்கள் தொட்டியின் உள்சுவரில், தண்ணிக்கு ஒரு சாண் மேலே, வெள்ளை நுரை ஒன்று ஒட்டியிருந்தது. “எவம்ல தொட்டியில துப்புனான்? அந்தச் சவத்தைத் தேச்சுக் கழுவு” என்றாள் ஆச்சி. கெஞ்சிக் கூத்தாடி நிறுத்தினேன். ஈர்க்குச்சியால் தொட்டுப் பார்த்தால் மேலே அப்பளம் மாதிரி காய்ந்திருந்தது, உள்ளே ஈரம். நாலைந்து நாளில் அடிப்பக்கம் இளகி, தலைப்பிரட்டைகள் சொட்டுச் சொட்டாகத் தண்ணிக்குள் வழுகின. சுவரில் ஒட்டிக்கொண்டு திரியுமே மரத்தவளை, அது கட்டிய கூடு அது. இப்படி நுரை கண்டால் உடனே கழுவாதீர்கள். தலைப்பிரட்டைகளை அள்ளி வாய்க்காலில் விட்டால் போதும். பாட்டிலில் வளர்க்க ஆசைப்படும் பிள்ளைகள் குளோரின் கலந்த குழாய்த் தண்ணியை அப்படியே ஊற்றக்கூடாது. முன்னங்கால் முளைத்ததும் ஏறி உட்கார ஒரு கல்லும் போட வேண்டும். நுரையீரலுக்கு மாறிவிட்ட தவளைக் குஞ்சு கல் இல்லாவிட்டால் மூழ்கிச் செத்துப்போகும்.

குளியலறைத் தவளை மேல் உப்புப் போடுவது, பினாயில் ஊற்றுவது இரண்டும் கொடுமை. தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. தோலால் உறிஞ்சுகிறது, மூச்சிலும் ஒரு பங்கு தோல் வழியேதான். தோலில் ஊற்றியது உடம்புக்குள் போகும். பிசானப் பருவ நெல் நடவில் பூச்சிமருந்து அடித்த வயலில் தவளைச் சத்தம் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம். முறத்தால் ஒதுக்கி வெளியே விட்டால் ஆயிற்று.

சொறித்தவளையைத் தொட்டால் மரு வரும் என்பதும் பொய். மரு வருவது வைரஸால். ஆனால் அதன் கண்ணுக்குப் பின்னால் உள்ள சுரப்பியில் வெள்ளையாக விஷப்பால் கசியும். தொட்ட கையோடு கண்ணைத் தேய்க்காதீர்கள். அதைக் கவ்விய நாய்க்கு வாயில் நுரை தள்ளும்.

எனக்குக் கோபம் வருவது “தேரை விழுந்த பிள்ளை” என்ற பேச்சில்தான். பிள்ளை மெலிந்து தேய்ந்தால் தேரை மேல் பழியைப் போட்டு மந்திரிக்கக் கூட்டிப் போகிறார்கள். சாப்பாட்டுக் குறையோ, காசநோயோ, வயிற்றுப் புழுவோ, டாக்டர் எடை போட்டுப் பார்த்தால்தான் தெரியும். மந்திரிக்கும் நாளெல்லாம் வீண். தேங்காயிலும் இதே கதை, காய் வெறுமையாக இருந்தால் தேரை மோந்துவிட்டது என்பார்கள். உள்ளே பருப்பில்லாத ஒல்லிக்காய்க்குச் சத்துக்குறையும் மகரந்தச் சேர்க்கைக் கோளாறும் காரணம். மேல்தோல் வெடித்துச் சுருங்கினால் ஈரியோபைட் என்ற பொடிச் சிலந்திப்பேன் காரணம்.

இவ்வளவும் ஆச்சிக்கு எடுத்துச் சொல்லியாயிற்று. நேற்றும் ஒரு தேங்காயை உடைத்து, உள்ளே பார்த்து, “தேரை மோந்துட்டுதுடே” என்று ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.